நுழைவும் ஆக்கமும்: மெய்நிகர் உலகங்களை மதுரையிலிருந்து வாசித்தல்

1

கணினிக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். தெரியாதுதான். சுவருக்குந்தான் தெரியாது. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து 1989இல் எழுப்பப்பட்ட சுவரின்மேல் மின்சாரம் பாய்ச்சிய கம்பிகள் இருந்த செய்தி 2008 ஏப்ரலில் வெளியுலகுக்கு வந்தது. அந்தக் கம்பியில் ஓடிய மின்சாரத்துக்கும் சாதி தெரிந்திருக்க நியாயமில்லை. யார் கட்டினார்கள், யாரை நினைத்துக் கட்டினார்கள், அதை இடிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பவைதான் ஒரு சுவரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள். பலர் கூடிப் புழங்கும் மெய்நிகர் உலகங்களைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேட்கலாம் என்பதுதான் இக்கட்டுரையின் எளிய முன்மொழிவு. நான் நிரல் எழுதிப் பிழைப்பவன். நிரல் என்பதைக் கட்டுமானமாகப் பார்க்கும் பழக்கம் தொழிலால் வந்தது. கட்டுமானத்தை அதிகாரமாகப் பார்க்கும் பழக்கம் இதுபோன்ற பத்திரிகைகளை வாசித்து வந்தது.

நம் சூழலில் இதைப் பற்றி இரண்டே நிலைப்பாடுகள்தான் புழங்குகின்றன. ஒன்று கொண்டாட்டம். 1996 பிப்ரவரியில் ஜான் பெர்ரி பார்லோ டாவோஸில் இருந்துகொண்டு இணையவெளியின் சுதந்திரப் பிரகடனத்தை வெளியிட்டார். இனம், செல்வம், பிறப்பு ஆகியவற்றால் வரும் மேல்கீழ் அங்கே கிடையாது, உடலே அங்கே கிடையாது என்பது அதன் சாரம். நம்ம ஊர் மேடைகளில் 'தொழில்நுட்பம் எல்லோரையும் சமமாக்கும்' என்று பேசுகிறவர்கள் அறிந்தோ அறியாமலோ இந்தப் பிரகடனத்தைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். மற்றொன்று நிராகரிப்பு. 'எல்லாம் முதலாளித்துவ மாயை, வேலையத்தவனுக வேலை' என்று தோழர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே மெய்நிகர் உலகைப் பார்க்கப்படும் ஒரு படமாகவே எடுத்துக்கொள்கின்றன. படம் நல்லதா கெட்டதா என்பதே அவற்றின் வழக்கு. அது ஆட்கள் குடியிருக்கும் இடம், அதற்கு மடையும் வாய்க்காலும் உண்டு, அவற்றைத் திறக்கவும் அடைக்கவும் யாரோ இருக்கிறார்கள் என்பது இருதரப்புக்கும் பிரச்சினையாகவே படவில்லை.

பொதுவெளி எதிலும் இரண்டு உரிமைகள் உண்டு. உள்ளே வருவதற்கான உரிமை ஒன்று. உள்ளே இருப்பதை மாற்றுவதற்கான உரிமை மற்றொன்று. முதலாவதை நுழைவு என்றும் இரண்டாவதை ஆக்கம் என்றும் அழைப்போம். இந்த வேறுபாட்டைக் கலிபோர்னியாவிடமிருந்து நாம் கற்க வேண்டியதில்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித்துகளும் நாடார் ஒருவரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அது நுழைவு. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006இல் அரசாணை வந்து, பயிற்சிப் பள்ளிகள் நடந்து, பயின்றவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்து, 2018இல்தான் அவர்களில் ஒருவர் மதுரை தல்லாகுளம் ஐயப்பன் கோயிலில் பூசைக்கு நியமிக்கப்பட்டார். அது ஆக்கம். இரண்டுக்கும் நடுவே 79 ஆண்டுகள். கருவறைக்கு வெளியே நின்று கும்பிடுவதும் கருவறைக்குள் நின்று செய்வதும் ஒன்றல்ல என்பது இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். சங்கப் பலகைக் கதையைக்கூட இப்படி வாசிக்கலாம். தகுதியானவருக்கு மட்டும் நீண்டு இடம் கொடுக்கும் அந்தப் பலகை, தமிழ்ப் புனைவில் நமக்குக் கிடைக்கும் ஒரு பழைய நுழைவுக் கட்டுப்பாட்டுக் கருவி. தகுதியைப் பலகையே தீர்மானிக்கிறது என்று கதை சொல்கிறது. பலகையைச் செய்தது யார் என்ற கேள்விக்குத் தெய்வத்தைக் காட்டிவிட்டு நகர்கிறது. இன்றைய நிறுவனங்கள் தெய்வத்தின் இடத்தில் 'அல்காரிதம்' என்ற சொல்லை வைத்திருக்கின்றன.

2

கூட்டு மெய்நிகர் உலகத்தின் வரலாற்றைக் கண்ணாடிக் கவசங்களிலிருந்து தொடங்குவது ஒரு வசதியான மறதி. அது எழுத்தில் தொடங்கியது. 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' என்ற விளையாட்டில் படமே இல்லை. அறைகள், கதவுகள், புதையல்கள் எல்லாம் வாக்கியங்கள். பலர் ஒரே நேரத்தில் ஒரே பிரதிக்குள் நடமாடினார்கள். தொண்ணூறுகளில் 'ஆசிரியனின் மரணம்' பற்றி நாம் சிறுபத்திரிகைகளில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே வருடங்களில், ஆசிரியர் யாரென்று சொல்ல முடியாத பிரதி ஒன்று கடலுக்கு அப்பால் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 1990இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்ப்டாமூ அது. கர்ட்டிஸின் சொந்த வீட்டை மாதிரியாகக் கொண்டு அமைந்த அந்த உலகுக்குள், மேலங்கிகள் தொங்கும் அலமாரி ஒன்றின் வழியாகப் புதியவர்கள் வருவார்கள். ஆனால் வந்தவர்கள் வெறும் விருந்தாளிகளல்ல. தங்களுக்கென்று அறை எழுப்பலாம், பொருள் படைக்கலாம், அப்பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு நிரலும் எழுதலாம். ஆக்கவுரிமையைப் பரவலாக்கிய உலகம் என்ற வகையில் அது உண்மையிலேயே பெரிய காரியம்.

ஆனால் எல்லா ஆக்கமும் சமமல்ல. ஒட்டுமொத்த உலகையும் மாற்றும் வல்லமை சிலரிடமே இருந்தது. அவர்களுக்கு அங்கே 'மந்திரவாதிகள்' என்று பெயர். பயனர்கள் பெருகினார்கள், சச்சரவும் பெருகியது. பஞ்சாயத்துப் பண்ணியே ஓய்ந்துபோன கர்ட்டிஸ் 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பு விடுத்தார். இனி மந்திரவாதிகள் தொழில்நுட்ப வேலையை மட்டுமே பார்ப்பார்கள். சமூகப் பிரச்சினைகளைச் சமூகமே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அது. கேட்க நல்லாத்தான் இருந்தது. 1993 மார்ச்சில் ஒரு பயனர், சூனியப் பொம்மை என்ற பெயரில் எழுதிய சிறு நிரலின் துணைகொண்டு, மற்றவர்களின் பாத்திரங்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாவதாக வரிவரியாக எல்லோர் திரையிலும் ஓடவிட்டார். வெறும் எழுத்துத்தானே என்று கடக்க பாதிக்கப்பட்டவர்களால் முடியவில்லை. கூடிப் பேசினார்கள். ஒருமித்த முடிவு பிறக்கவில்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி தன்னந்தனியாக முடிவெடுத்து அந்தப் பாத்திரத்தை அழித்தார். ஜூலியன் டிப்பெல் அதே ஆண்டு டிசம்பரில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையால் இது உலகறிந்த கதையானது.

நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்ததை. கர்ட்டிஸ் மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட ஒரு முறையை ஏற்படுத்தினார். மக்கள் தீர்மானிப்பார்கள், மந்திரவாதிகள் நிறைவேற்றுவார்கள். மூன்றே ஆண்டுகள். 1996 மேயில் மந்திரவாதிகள் மற்றோர் அறிவிப்பு விடுத்து அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தொழில்நுட்ப முடிவு, சமூக முடிவு என்று பிரித்து வைத்தது நடைமுறையில் நிற்கவே இல்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். இதைச் சரணடைதல் என்று சிலர் வாசித்தார்கள். நான் இதை ஒரு நேர்மையான ஒப்புதலாக வாசிக்கிறேன். ஓர் அறைக்கு எத்தனை பேர், ஒருவர் இன்னொருவரைத் தடுக்க முடியுமா, அழித்ததை மீட்க முடியுமா என்பவையெல்லாம் நிரல் வரிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஓர் ஊர்க் கட்டுப்பாடு. லாரன்ஸ் லெஸிக் 1999இல் வந்த தம் நூலில் நிரலே சட்டமாக இயங்குகிறது என்று வாதிட்டார். நான் இன்னும் ஓரடி வைப்பேன். சட்டத்தை மீற முடியும். மீறித் தண்டனை பெற முடியும். தண்டனையை எதிர்த்து வழக்காட முடியும். நிரலை மீறவே முடியாது. கதவு இல்லாத சுவரில் மறியல் செய்ய வாசலே இராது. ஒத்துழையாமைக்கு இடமில்லாத சட்டம் என்பது எவ்வளவு பயங்கரமான கருத்தாக்கம் என்பதைப் போராட்ட அனுபவம் உள்ள வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

3

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 2022 பிப்ரவரி 6 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்து மலைக்கிராமமான சிவலிங்கபுரத்தில் ஒரு திருமணம் நடந்தது. கொரோனா காலம். விருந்தினர் எண்ணிக்கைக்கு அரசு வரம்பு வைத்திருந்தது. எனவே வரவேற்பை மெட்டாவெர்ஸில் வைத்தார்கள். 1992இல் நீல் ஸ்டீபன்சன் ஒரு நாவலுக்காக உண்டாக்கிய இச்சொல், 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டதிலிருந்து ஊடகங்களின் வாயில் புகுந்திருந்த நேரம் அது. ஹாரி பாட்டர் கதைகளில் வரும் கோட்டையைப் போன்ற மண்டபத்தில் மணமக்களின் உருவங்கள் நின்றன. நண்பர்கள் கைபேசியிலும் கணினியிலும் இருந்தபடி தத்தம் உருவங்களாக உள்ளே வந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இறந்துபோன மணமகளின் தந்தை அங்கே ஓர் உருவமாக எழுந்து நின்றார். ஆசியாவின் முதல் மெட்டாவெர்ஸ் திருமண வரவேற்பு என்று பத்திரிகைகள் எழுதின. முற்போக்காளர்கள் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. இறந்தவரைக் கல்யாணத்துக்கு அழைப்பது நமக்குப் புதிதா என்ன? மாலை போட்ட புகைப்படத்தின் முன் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் பல வீடுகளில் மணமேடை ஏறுகிறார்கள். இன்னும் பின்னால் போனால் மதுரைக்கு மேற்கே, தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள். மாடுபிடிச் சண்டையில் விழுந்தவனுக்கு ஊர் நட்ட கல்லும், தந்தைக்கு மகள் எழுப்பிய உருவமும் ஒரே ஏக்கத்தின் இரண்டு வடிவங்கள். அந்த ஏக்கத்தைக் கேலி செய்ய எந்தக் கோட்பாட்டுக்கும் உரிமையில்லை.

விமர்சனத்துக்குரியது வேறு. முதலாவது, உடைமை. புலிமான்கோம்பைக் கல் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் தாங்கியது. அதை வைத்துக்கொள்ள யாருக்கும் மாதச் சந்தா கட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் வழங்கியில் இருக்கும் உருவம் அந்த நிறுவனம் இருக்கிற வரைக்குந்தான். 2015இல் தொடங்கி 2017இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய ஆல்ட்ஸ்பேஸ் என்ற கூட்டு மெய்நிகர் உலகம் 2023 மார்ச்சில் இழுத்து மூடப்பட்டது. அதற்கும் முன்பே, தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் பலவும் குடியிருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. குடியிருப்பவர்களின் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை.

இரண்டாவது, வடிவம். கிருஷ்ணகிரி மலைக்கிராமத்துத் திருமணத்துக்கு ஓர் ஆங்கிலக் கதைக் கோட்டை எதற்கு என்று மணமக்களின் ரசனையைக் குறைசொல்வது எளிது. வடிவக் கிடங்கில் ஆயத்தமாக எது கிடைக்கிறதோ அதற்குள்தான் தேர்வு நிகழ்கிறது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். விருந்தினர் அங்கே நடக்கலாம், பேசலாம், கையசைக்கலாம். ஒரு வாழைமரத்தைக் கொண்டுவந்து வாசலில் கட்ட முடியாது. எழுத்தால் ஆன லாம்ப்டாமூவில் ஒருவர் இரண்டு வாக்கியத்தில் பந்தல் போட்டிருக்கலாம். கண்ணுக்கு விருந்தாக உலகம் வளர்ந்திருக்கிறது. அதே அளவுக்கு வந்தவர் கை கட்டப்பட்டிருக்கிறது. நுழைவு விரிந்து ஆக்கம் சுருங்கியதுதான் இந்த முப்பதாண்டுகளின் கதை.

மூன்றாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நம் சமூகத்தில் உறவின் சோதனை நுழைவில் இல்லை. 'கை நனைப்பதில்' இருக்கிறது. வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, நலம் விசாரித்து, மொய்யும் எழுதிவிட்டு, 'இப்பத்தான் சாப்ட்டு வந்தோம்' என்று கை நனைக்காமல் போகிற உறவுகளை இந்தச் சமவெளியில் பிறந்த எவரும் அறிவர். மெய்நிகர் மண்டபத்துக்குள் எவரும் எவருடனும் நிற்கலாம், ஏனென்றால் அங்கே எவரும் எவர் வீட்டிலும் சாப்பிட வேண்டியதில்லை. பந்தி இல்லாத இடத்தில் பந்தி வஞ்சனையும் இல்லை. இதைச் சாதி மறைவு என்று வாசிப்பது பெரும் பிழை. சாதி எந்தப் புள்ளியில் வேலை செய்கிறதோ அந்தப் புள்ளியைக் கழித்துவிட்டு வரையப்பட்ட சமத்துவம் அது. உடல் இல்லை என்று பார்லோ பெருமைப்பட்டார். உடல் திரும்பிப் போகும் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

4

அப்படியானால் கூட்டு உலகம் என்பதே பொய்யா? இல்லை. நம்மிடமே எதிர்ச்சாட்சி இருக்கிறது. அதன் பெயரும் மதுரைதான்.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் அறிஞராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார், அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனன் துணைநின்றார். தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுவதே வேலை. தட்டச்சியவர் ஒரு நாட்டில், பிழை திருத்தியவர் இன்னொரு நாட்டில். பெரும்பாலோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கோபுரமோ குளமோ உருவமோ இல்லாத ஒரு மெய்நிகர் மதுரை. ஆனாலும் லாம்ப்டாமூவின் சிறந்த பக்கம் இங்கே செயல்பட்டது: வந்தவர் கட்டலாம். அதைவிட ஒருபடி மேலாக, கட்டியதைப் பிரதியெடுத்துக்கொண்டு போகலாம். 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், யாழ் நூலகம் எரிக்கப்பட்ட 1981இன் நினைவு அகலாத ஈழத்தவர்கள் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் இதே வழியில் வந்தவை. ஒரு கட்டடத்தைக் கொளுத்தலாம். நூறு இடத்தில் இருக்கும் படியைக் கொளுத்துவது கடினம். இங்கே மெய்நிகர் என்பது தப்பித்தல் அல்ல, தற்காப்பு.

இவ்வுலகத்தின் அடித்தளத்திலும் ஒரு ஆக்கவுரிமைப் பிரச்சினை புதைந்துகிடந்தது: எழுத்து. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம் என்றிருந்த காலத்தில், கல்யாணசுந்தரமே 'மயிலை' என்ற எழுத்துருவை ஆக்கி இலவசமாகக் கொடுத்தவர். பின்பு தஸ்கி என்ற குறியேற்றம் இணைய வழி விவாதங்களில் தன்னார்வலர்களால் உருவானது. மதுரைத் திட்டம் அதைப் பயன்படுத்தி, பிறகு யூனிகோடுக்கு மாறியது. 1991இன் யூனிகோடில் தமிழுக்குக் கிடைத்தவை 128 கட்டங்கள். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த இஸ்கி முறையின் அச்சு அது. அதில் 'க' என்பதற்கு ஓர் இடம் உண்டு. 'க்' என்பதற்குத் தனியிடம் இல்லை. ககரத்தை எழுதிப் பின் புள்ளி என்ற குறியை ஒட்டித்தான் மெய்யைப் பெற வேண்டும். தமிழ் இலக்கணம் மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறப்பதாகச் சொல்ல, கணினி உயிர்மெய்யிலிருந்து உயிரைக் கழித்து மெய்யைச் செய்கிறது. மெய்நிகர் உலகில் மெய்யெழுத்துக்கு நிலம் இல்லை. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றபோதே, ஒவ்வொரு எழுத்துக்கும் தனியிடம் தரும் 'தேஸ் 16' என்ற முறையையும் மாற்றாக அறிவித்தது. ஆனால் உலகம் முழுக்கக் கருவிகள் எதைப் பேசுகின்றனவோ அதுவே நின்றது. பயனில் பெரிய குறையில்லை, வேலை நடக்கிறது. இருந்தாலும், அடித்தளம் ஒருமுறை ஊற்றி இறுகிய பிறகு சென்று கேட்பவருக்கு வெள்ளையடிக்கும் உரிமை மட்டுமே மிஞ்சும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மதுரைத் திட்டத்தையும் விமர்சனமின்றி விட முடியாது. தன்னார்வம் என்பது ஓய்வு நேரத்தின் மறுபெயர். ஓய்வு யாரிடம் இருக்கிறது, கணினி யாரிடம் இருக்கிறது, பழைய பதிப்பு யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பவை சேர்ந்து எது முதலில் தட்டச்சாகும் என்பதைத் தீர்மானிக்கின்றன. தடை செய்கிற காவலர் யாருமில்லை. ஆனாலும் ஒரு ஒழுங்கு தானாகவே உருவாகிவிடுகிறது. அச்சேறாமல் வாய்மொழியில் நின்ற பாட்டுக்கு இந்த முறையில் வழியே கிடையாது. நாற்று நடுகிறவளிடம் நேரமும் இல்லை, பதிப்பும் இல்லை.

5

கூட்டுழைப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம்ம ஆட்கள் குடிமராமத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஊரே கூடிக் கண்மாயைத் தூர்வாரியது, பொதுச்சொத்தைப் பொதுவாகக் காத்தது, கட்டற்ற மென்பொருளும் அதே போலத்தான் என்று. 2017இல் தமிழக அரசும் அந்தப் பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. ஆனால் 1858இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். தானாக நடந்த காரியத்துக்குக் கட்டாயச் சட்டம் எதற்கு? சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ், 2003இல் வெளிவந்த தம் நூலில், தன்னிறைவு கொண்ட கிராமக் கூட்டுழைப்பு என்ற சித்திரத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். நீர்ப்பங்கீட்டின் ஒழுங்கு சாதியிலும் அரசதிகாரத்திலும் பின்னிக் கிடந்தது என்பது அவருடைய வாதம். மடை திறந்து நீர் பாய்ச்சும் வேலை பல ஊர்களில் தலித்துகளுடையது. எப்போது திறப்பது என்ற முடிவு அவர்களுடையதல்ல.

மென்பொருள் உலகிலும் இப்படியொரு மடைத் தொழில் இருக்கிறது. மதுரையின் அரசுத் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் ஒன்று இலந்தைக்குளத்தில், மற்றொன்று வடபழஞ்சியில். இத்தகைய சிறுநகரப் பூங்காக்களில் நடப்பது பெரும்பாலும் பராமரிப்பு. பிறர் கட்டிய உலகங்களுக்குத் தூர்வாரும் வேலை. எங்கள் கை படாத உலகம் இல்லை. எங்கள் சொல் ஏறும் உலகமும் இல்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் மெட்டா நிறுவனத்தின் மெய்நிகர் பிரிவு 1,300 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. அந்தப் பேச்சு ஓய்ந்து இப்போது செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். பெயர் மாறும், மடை மாறாது.

உத்தபுரத்துக்குத் திரும்புகிறேன். 2008 மே 6 அன்று சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது. இடித்தது அரசு இயந்திரம். இடிக்க வைத்தது போராட்டம். உடனே ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் பல ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தன. பொது உலகின் விதி மாறியதும் தனி வழங்கி போட்டுக்கொண்டு போவதற்கு இணையான செயல். ஆக, நுழைவைக் கேட்டால் போதாது, ஆக்கத்தைக் கேட்க வேண்டும். ஆக்கம் கிடைத்த பிறகும் வெளியேறி வேறு சுவர் எழுப்புகிறவரை எதிர்கொள்ள வேண்டும். நிரல் எழுதித் தீர்க்கிற கணக்கல்ல இது.

ஆனால் நிரலை விட்டுவிட்டும் தீர்க்க முடியாது. பள்ளிகள், நூலகங்கள், அருங்காட்சியகங்கள், நாளை கிராம சபைகள்கூட மெய்நிகர் வெளிக்குப் போகலாம். அப்போது 'எல்லோரும் வரலாம்' என்ற வாசகத்தைக் கண்டு திருப்தியடைந்துவிடக் கூடாது. விதியை மாற்றும் வழி உண்டா? மாற்றியவர் யார், எப்போது என்பது விக்கிப்பீடியாவின் வரலாற்றுப் பக்கம்போல எல்லோர் கண்ணிலும் படுமா? பராமரிப்பவருக்கு முடிவில் பங்கு உண்டா? மூடும்போது நம் இறந்தவர்களை நாம் எடுத்துக்கொண்டு போக முடியுமா? மடை யார் கையில் என்று விசாரிக்காமல் நம்ம ஊர்ச் சம்சாரி விதை தெளிப்பதில்லை. குடியேறச் சொல்லி அழைக்கிறவர்களிடம் நாமும் அதைக் கேட்டுவிட்டே கால் வைப்போம்.